வீட்டை விற்கு முன் தரகருடன் செய்யும் உடன்பாடு

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் கொடுக்கல் வாங்கல்களில் வீடு விற்பதைப் போலப் பெரியது பிறிதில்லை. பிள்ளையின் மேற்படிப்பு, மகளின் திருமணம், அடைக்க முடியாத கடன், கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ குடிபெயர்தல் என அதற்குக் காரணங்கள் பல. காரணம் எதுவாயினும், பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் பசறையிலும் நம் மக்கள் முதலில் நாடுவது தரகரையே. நொத்தாரிசின் முன் கையொப்பமிடும்போது இருமுறை யோசிப்பவர்கள்கூடத் தரகரிடம் தேநீர்க்கடையில் வாய்ச்சொல்லாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு விடுகின்றனர். அந்தச் சொல்லின் பொருள் என்ன என்பது வீடு விலைபோன பின்னரே தெரியவருகிறது.

காணியையோ வீட்டையோ விற்பதும், விற்பதாக உடன்படுவதும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுத்தில் அமைய வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆனால் தரகருடன் செய்யும் உடன்பாடு காணி விற்பனை அன்று. அது ஒரு சேவைக்கான ஒப்பந்தமே. ஆகவே வாய்ச்சொல்லும் அங்கே ஒப்பந்தமாகிவிடலாம். முதலாளிக்கும் முகவருக்கும் இடையிலான விடயங்களில் ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்பட வேண்டும் என 1852 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளை கூறுகின்றது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம் ஆதனத் தரகர்களைப் பதிவுசெய்யுமாறு பணிக்கின்றது. அத்தகைய காவல் நம் நாட்டில் இன்மையால், தரகருடன் எழுதிக்கொள்ளும் தாளே உரிமையாளருக்குக் காவலாகும்.

இத்தகைய உடன்பாடுகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, திறந்த உடன்பாடு. எத்தனை தரகர்களிடமும் சொல்லலாம். உரிமையாளர் தாமாகவும் விற்கலாம். வாங்குபவரைக் கொண்டுவந்தவருக்கு மட்டுமே தரகு. நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இதுவே. இதிலுள்ள இடர், ஒரே ஆளைத் தாமே முதலில் அழைத்து வந்ததாக இரு தரகர்கள் உரிமை கோருவது. 150 இலட்சம் ரூபாவுக்கு விற்கும் வீட்டுக்கு, வழக்கத்திலுள்ள 3 வீதப்படி தரகு 4 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அதை இருவருக்குக் கொடுக்க நேர்ந்தால் 9 இலட்சம். வீடு பார்க்க வருபவரின் பெயர், வந்த நாள், அழைத்து வந்த தரகர் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதித் தரகரிடம் கையொப்பம் பெற்றால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

இரண்டாவது, தனி முகவர் உடன்பாடு. குறித்த காலத்துக்கு ஒரே தரகர்; வேறு தரகர் இல்லை. ஆயினும் உரிமையாளர் தாமே ஒருவரைத் தேடி விற்றால் தரகு இல்லை.

மூன்றாவது, தனி விற்பனை உரிமை உடன்பாடு. பெயர் ஒன்றுபோல் தோன்றினும் விளைவு வேறு. இதன்படி, உரிமையாளர் தம் சொந்த மைத்துனருக்கே விற்றாலும் தரகருக்குப் பணம் சேரும். இவ்விரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்வது நம் நாட்டில் மட்டுமன்று. பிரித்தானியாவில் 1991 இல் வந்த ஒழுங்குவிதிகள், இச்சொற்களின் பொருளை உடன்பாட்டுக்கு முன்னரே வாடிக்கையாளருக்கு எழுத்தில் விளக்க வேண்டும் எனத் தரகர்களைப் பணித்தன.

நான்காவது, நிகர விலை உடன்பாடு. "எனக்கு 120 இலட்சம் தந்தால் போதும், அதற்கு மேல் வருவது உங்களுக்கு" என்பதே இதன் சாரம். கேட்பதற்கு எளிது, கணக்கு அறியாதவருக்குக் கொடிது. அதே வீடு 150 இலட்சத்துக்கு விலைபோனால் தரகருக்கு 30 இலட்சம் போய்விடும். சந்தை விலை அறியாத உரிமையாளரே இதில் சிக்குவார். இவ்வகையை அறவே தவிர்க்குமாறு கூறுவோம்.

எஞ்சிய மூன்றில் எதைத் தெரிவது? ஊவாவில் ஒரு வீட்டை வாங்குபவர் அண்டைவீட்டாராகவோ உறவினராகவோ, கோயிலிலும் பள்ளிவாசலிலும் காதில் விழுந்த செய்தியால் வந்தவராகவோ இருக்கக் கூடும். அவ்வாறான விற்பனைக்கும் தரகு கொடுக்கச் செய்யும் மூன்றாவது வகை இங்கே பொருந்தாது. உள்ளூரிலேயே வாங்குபவர் கிடைப்பார் என்றால் திறந்த உடன்பாடு போதும். பண்டாரவளை, எல்ல போன்ற இடங்களில் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வாங்குபவரைத் தேடவேண்டியிருந்தால், விளம்பரத்துக்குச் செலவிடும் தரகர் ஓர் உறுதிமொழி கேட்பது நியாயமே. அப்போது தனி முகவர் உடன்பாட்டை மூன்று மாதத்துக்கு மேற்படாமல் செய்து, ஏற்கெனவே விலை கேட்டவர்களின் பெயர்களை விலக்காக எழுதிக்கொள்ளலாம்.

எவ்வகையாயினும் சில வாசகங்கள் தாளில் இருத்தல் வேண்டும். தரகு எத்தனை வீதம், எப்போது கொடுபடும், விளம்பரச் செலவு யாருடையது, உடன்பாடு எந்த நாளில் முடியும், முடிந்த பின் தரகர் காட்டிய ஆள் வாங்கினால் எத்தனை மாதம் வரை தரகு உண்டு என்பன அவை. இவற்றுள் "எப்போது" என்பதே முதன்மையானது. தரகர் ஆளைக் கொண்டுவந்த பின் உரிமையாளர் விற்காமல் விலகிய வழக்கொன்றில், தரகு கோர முடியாதென இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1941 இல் தீர்ப்பளித்தது. எனினும் "ஆளைக் கொண்டுவந்தாலே தரகு" என்று எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாது போகலாம். "உறுதி நிறைவேறிப் பணம் முழுதும் கைக்கு வந்த நாளில்" என்று எழுதுவதே நன்று. வாங்குபவரிடமும் தரகு பெறுவதாயின் அதை மறைக்கக் கூடாது என்றும் சேர்க்க வேண்டும்.

கையொப்பமிடுபவருக்கு விற்கும் உரித்து உண்டா என்பதும் முன்னரே தெளிவாக வேண்டும். தந்தை பெயரிலிருந்த வீடு, அவர் விருப்பாவணம் எழுதாமல் மறைந்தால் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பொதுச் சட்டத்தின்படி மனைவிக்கு அரைப்பங்கும் பிள்ளைகளுக்கு மறுபாதியும் சேரும். முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழி ஷரீஅத் பங்குகள் உண்டு. மூத்த மகன் மட்டும் தரகருக்கு வாக்குக் கொடுத்து, சகோதரி கையொப்பமிட மறுத்தால், விற்பனை நின்றுபோகும். தரகரோ தம் கூலியைக் கேட்டு நிற்பார். அரசாங்க அனுமதிப்பத்திரத்தின் கீழுள்ள காணியாயின் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது.

தோட்டப்புற மக்களுக்கு இது இன்னும் கூர்மையான விடயம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான பெருந்தோட்டங்கள் 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்தில் உள்ளன. லயன் அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அதை விற்கும் உரித்து தொழிலாளிக்கு இல்லை. இந்திய வீடமைப்புத் திட்டம் போன்றவற்றினால் 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்றோரும் கையிலுள்ள பத்திரம் உறுதியா, நிபந்தனை உடையதா என்று சட்டத்தரணியிடம் காட்டாமல் தரகரிடம் பேசவே கூடாது. இரு நூற்றாண்டு உழைப்பின் பின் முதன்முதலாகக் கிடைக்கும் சொத்து ஒரு தாளினால் கைநழுவலாகாது.

மண்சரிவு பற்றியும் உண்மை சொல்ல வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நேர்ந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இம்மாவட்டத்தில் விளைத்த அழிவையும் கண்டவர்கள், தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் அந்நிலத்தைப் பற்றிக் கூறியதைக் கேட்பது இயல்பே. அதை மறைக்குமாறு தரகர் கூறினால், அவரை விலக்குவதே நேர்மையும் பாதுகாப்புமாகும்.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். மூல உறுதியையும் அற்றோணித் தத்துவத்தையும் தரகரிடம் கொடுக்கவேண்டாம். வாங்குபவர் பார்ப்பதற்கு உறுதியின் பிரதியே போதும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட தாளில், பொருள் விளங்காமல் கையொப்பம் இடவேண்டாம். தமிழில் எழுதித் தருமாறு கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

தரகர்கள் யாவரும் ஏமாற்றுவோர் அல்லர். நேர்மையான தரகருக்கும் எழுத்திலுள்ள உடன்பாடே கூலியை உறுதிப்படுத்துகின்றது. அவர்களைப் பதிவுசெய்யும் சட்டமொன்றை அரசு இயற்ற வேண்டும் என்பது நம் கருத்து. அதுவரை, வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளை எழுதிப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை நாமே வளர்த்துக்கொள்வோமாக.