கடல்மேற் பரவும் எண்ணெயும் கல்முனைக் கரையும்

கடலில் வீழ்ந்த மாசு வீழ்ந்த இடத்திலேயே நிற்பதில்லை. நீரோட்டம் அதனை ஈர்த்துச் செல்லும், காற்று உந்தும், அலை சிதறடிக்கும், வெயில் ஒரு பகுதியை ஆவியாக்கும். அஃது எக்கரையை எந்நாளில் அடையும் என முன்னரே கணித்தறியும் கலை, ஒன்றரை நூற்றாண்டாகப் படிப்படியாய் வளர்ந்ததொன்றாகும். அம்பாறைக் கடற்கரையின் அண்மைக்கால வரலாற்றோடும் அதற்குத் தொடர்புண்டு.

செறிவு மிக்க இடத்திலிருந்து குறைந்த இடம் நோக்கிப் பொருள்கள் பரவும் விதியை 1855இல் அடோல்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்தார். வடதுருவக் கடலிற் பனிக்கட்டிகள் காற்றின் திசைக்குச் சற்று வலப்புறமாக ஒதுங்குவதை நான்சென் கண்டார். பூமியின் சுழற்சியே அதற்குக் காரணமென 1905இல் எக்மன் கணித முறையில் விளக்கினார். 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்கே 'டொறி கனியன்' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிற்று. கடல்மேற் படர்ந்த எண்ணெய், காற்றின் வேகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் நகரும் என்பது அதன் பின்னர்ப் பெரிதும் கையாளப்படும் கணக்காயிற்று. நீரோட்டத்தையும் இதனோடு கூட்டியே எண்ணெயின் பாதை வரையப்படுகின்றது.

2020 செப்டெம்பர் 3ஆந் திகதி, குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்குச் சென்ற 'நியூ டயமண்ட்' என்னும் கப்பல், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 கடல்மைல் தொலைவில் தீப்பற்றிற்று. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கப்பலில் இருந்த மசகெண்ணெய் ஏறக்குறைய 270,000 தொன். 1989இல் அலாஸ்காக் கரையைப் பாழ்படுத்திய 'எக்சன் வால்டீஸ்' கப்பலிலிருந்து கசிந்ததோ 37,000 தொன் அளவே. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பல நாள் போராடித் தீயை அணைத்தன. கப்பலின் சொந்த எரிபொருளில் ஒரு பகுதி கடலிற் கலந்தது; மசகெண்ணெய் கசியாது தப்பிற்று.

அஃது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அக்காற்று இக்கரையில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசுவது. ஆகவே மசகெண்ணெய் கசிந்திருப்பினும் காற்று அதனைக் கரையினின்று அகற்றவே முயன்றிருக்கும். அவ்விபத்து மார்கழியிலோ தையிலோ நிகழ்ந்திருப்பின் நிலை வேறு. வாடைக்காற்று மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திற் கரைநோக்கி வீசுகின்றதெனக் கொள்வோம். அதன் நூற்றுக்கு மூன்று பங்கு, மணிக்கு முக்காற் கிலோமீற்றர். நாளொன்றுக்கு 18 கிலோமீற்றர். 38 கடல்மைல் என்பது ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஆதலின், நான்கு நாளில் எண்ணெய் கரைதொட்டுவிடும். அக்காலத்துக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே செல்வது. எனவே கல்முனைக்கு வடகிழக்கே கசியும் எண்ணெய், மருதமுனை முதற் பொத்துவில் வரையுள்ள ஊர்களை நோக்கிப் பரவக்கூடும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் முதலிய முஸ்லிம் ஊர்களிற் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆழ்கடற் படகு வேறிடம் நாடலாம். கரைவலை இழுப்போருக்கோ கரையே களம். மாரியில் முகத்துவாரங்கள் திறந்திருத்தலால், எண்ணெய் களப்புகளுள்ளும் புகுந்து மீன்குஞ்சுகளை அழிக்கக்கூடும்.

கச்சானும் வாடையும் எத்திசையில் வீசும் என்பதை இக்கரை மீனவர் வழிவழியாய் அறிவர். அவ்வறிவுக்கு நாளும் தொலைவும் சேர்த்துத் தருவதே இக்கணிப்பு. தடுப்பு மிதவைகளை எங்கே இடுவது, எம்முகத்துவாரத்தை முதலில் அடைப்பது என்பவற்றைத் தீர்மானித்து நிறைவேற்றுதற்கு நான்கு நாள் மிகக் குறுகிய காலம். 2020இற் காற்றும் முயற்சியும் ஒருங்கே துணைநின்றன. காற்று மாறி வீசும் பருவத்துக்கான கணக்கை முன்னரே செய்துவைத்தல் இக்கரையைக் காக்கும் கடமையின் முதற்படியாகும்.