சங்கிலியும் சட்டமும்: ஏர்வாடி முதல் வகுப்பறை வரை

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பலரால் ஓட முடியவில்லை. காரணம், சங்கிலி. இறந்தவர்கள் 28 பேர்.

ஏன் கட்டிப் போட்டார்கள்? ஓடிவிடுவார்கள், அடித்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எந்த ஊரிலும் சொல்லப்படும் காரணங்கள்தான் இவை. சிகிச்சையின்போது நோயாளியை இழிவுபடுத்தவோ கொடுமைப்படுத்தவோ கூடாது என்று 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்லியிருந்தது. அது ஏட்டில் இருந்தது, ஏர்வாடியில் இல்லை.

ஒரே வாரத்தில் அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

பிறகு வந்ததுதான் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 95-ஆவது பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. 97-ஆவது பிரிவு தனிமையில் அடைப்பதைத் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதற்கும் மருத்துவர் அனுமதி வேண்டும். காரணம், நேரம், எவ்வளவு நேரம் என எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. 'ஆள் பற்றாக்குறை' என்ற சாக்கும் செல்லாது.

சரி, பள்ளிக்கூடத்தில்?

வகுப்பில் ஓயாமல் எழுந்து ஓடும் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனை நாற்காலியோடு கட்டினால் என்ன சட்டம்? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, பொறுப்பில் உள்ளவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் சிறைத்தண்டனை என்கிறது. மாற்றுத்திறனாளிகளை இழிவான நடத்தையிலிருந்து காக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு சட்டமும் சொல்கிறது.

ஆனால் கட்டியவர் "இது தண்டனை இல்லை, பாதுகாப்புக்காக" என்று சொன்னால்? அங்கேதான் ஓட்டை. மருத்துவமனைக்கு இருக்கும் அந்தப் பதிவேடு, நேரக் கணக்கு, குடும்பத்துக்குத் தகவல் எதையும் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியிடம் கேட்கவில்லை. அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறையில் சேர்க்காததால் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் குழந்தைகளில் பலருக்கு எட்டாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பள்ளிகளில் மாணவர்களைக் கட்டிப் போட்டதாகவும் அறையில் அடைத்ததாகவும் நூற்றுக்கணக்கான புகார்கள், சில மரணங்கள் உட்பட, இருந்ததை 2009-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்டது. அதன் பிறகே நாடு தழுவிய சட்டத்துக்கான மசோதா முதன்முதலாக வந்தது.

கணக்கில் எழுதாத செலவு யாருக்கும் தெரியாது. எழுதாத கட்டும் அப்படித்தான். பேசத் தெரியாத குழந்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் முடியாது. அந்தக் குழந்தைக்காகப் பேசப் பதிவேட்டில் ஒரு வரியாவது வேண்டாமா? ஏர்வாடியில் சட்டம் விழிக்க 28 உயிர்கள் போக வேண்டியிருந்தது. வகுப்பறைக்கும் அப்படி ஒரு விடியற்காலை வர வேண்டுமா என்ன?