தன்னெதிர்ப்பொருள்களோடு கூடிய இடைத்திசு நுரையீரல் நோய்

நுரையீரலின் காற்றறைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்தோடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் நடுவிலுள்ள மெல்லிய திசு அழற்சியுற்று, நாளடைவில் தழும்பேறித் தடித்து, பிராணவாயு இரத்தத்தில் கலப்பதற்குத் தடையாகிவிடும் வியாதிகள் பலவாயினும், சரீரம் தன்னையே அந்நியமெனக் கொண்டு தாக்கும் எதிர்ப்பொருள்களோடு கூடியவை அவற்றுள் தனி வகுப்பாகும். முடக்குவாதம், தோல் இறுக்க நோய், தசை அழற்சி, ஷோகிரென் நோய் ஆகியவற்றின் தொடர்ச்சியாக இது தோன்றுவதே பெரும்பான்மை. மூட்டிலும் தோலிலும் யாதொரு குறையும் தெரிவதற்கு முன்பே நுரையீரல் கெட்டுவிடுவதும் உண்டு.

2012 மார்ச் முதல் 2015 ஜூன் வரை இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவமனைகள் கூடித் தொகுத்து 2017இல் வெளியிட்ட பதிவேட்டில், இடைத்திசு நோயுற்ற 1,084 பேருள் 47.3 சதவீதத்தினர் தூசி, பூஞ்சை, பறவைக் கழிவு முதலியவற்றை ஒவ்வாமையால் ஏற்காத நுரையீரல் அழற்சியினர். தன்னெதிர்ப்பு வியாதிகளைச் சார்ந்தோர் 13.9 சதவீதத்தினர். மேனாட்டுப் புத்தகங்களில் முதலிடம் பெறும் காரணமறியாத் தழும்பு நோய் இங்கே 13.7 சதவீதமே.

இவ்வரிசையை மனத்திற்கொண்டு தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் நோக்கினால் வைத்தியரின் சங்கடம் விளங்கும். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளையும் வயல்களின் வைக்கோல், வீட்டுக் கூரையில் வளரும் புறா ஆகிய இரண்டுமே ஒவ்வாமை அழற்சிக்கு ஏதுவாகலாம். நூற்பாலைப் பஞ்சுத் தூசியோ காற்றுக் குழாய்களைத் தாக்கும் வேறொரு நோயைத் தரும். எல்லாவற்றிற்கும் முன்னே நிற்பது காசநோய் என்ற எண்ணம். சென்னையில் 1956இல் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே அந்நோய்க்குச் சிகிச்சை பெறலாமென்பதை உலகிற்கு நிரூபித்த நாட்டில், வறட்டு இருமலோடும் எக்ஸ்ரேயில் நிழலோடும் வருபவருக்கு முதலில் சளிப் பரிசோதனை செய்வது முற்றிலும் நியாயமே. சளியில் கிருமி காணாத நிலையிலும் மாத்திரையைத் தொடங்கி, ஆறு மாதம் முடிந்த பின்பும் இளைப்பு நீங்காததைக் கண்டு வியப்பதுதான் நியாயமன்று.

அப்போது பார்க்க வேண்டியவை கைகள் என்பது என் அபிப்பிராயம். கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கச் செல்லும் பெண்ணின் விரலில் வெடிப்பிருந்தால், அதை வேலையின் சுவடென்று அவளும் நினைப்பாள், வைத்தியரும் நினைப்பார். ஆனால் பெருவிரலின் உட்பக்க ஓரத்திலும் அதை நோக்கிய ஆட்காட்டி விரலின் ஓரத்திலும், இரு கைகளிலும் ஒரேவிதமாகத் தோல் கரடுதட்டிக் கோடுகோடாக வெடித்து, வேலையை நிறுத்தி வாரங்கள் பல கழிந்தும் ஆறாதிருக்குமாயின், தசை அழற்சியைச் சார்ந்த நுரையீரல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். மலைக்குளிரில் விரல்நுனி வெளுத்து, பின் நீலமாகி, சூடுபட்டதும் சிவக்கிறதா, காலையில் கைவிரல்கள் மடங்க ஒரு மணிநேரம் ஆகிறதா என்பவையும் கேட்கத் தக்கவை. இளைப்பைப் பற்றிக் கேட்டால், ‘மேடேறினா எல்லாருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும்’ என்று பதில் வரலாம். சென்ற வருஷம் இதே மேட்டை எப்படி ஏறினாள் என்று கேட்பதே உசிதம். முதுகின் அடிப்பாகத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், மூச்சை உள்ளிழுக்கும் முடிவில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலி கேட்கும்.

இரத்தப் பரிசோதனையில், உயிரணுவின் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளாகிய ஏ.என்.ஏ.யைத் தேடுவது முதற்படி மாத்திரமே. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களுள்ளும் 1:40 அளவில் 31.7 சதவீதத்தினரிடமும், 1:320 அளவில் 3.3 சதவீதத்தினரிடமும் அது காணப்பட்டது. ஆதலால் குறைந்த அளவைக் கண்டு அஞ்சுவது வீண். இதற்கு எதிர்மாறான விபத்தும் உண்டு: ஜோ-1 என்னும் எதிர்ப்பொருள் தாக்குவது உயிரணுவின் கருவையன்று, அதற்கு வெளியேயுள்ள பகுதியை, எனவே ஏ.என்.ஏ. இல்லை என்று சீட்டு வந்த பின்னும் நோய் இருக்கலாம். ஜோ-1, எஸ்.சி.எல்.-70, ரோ, எம்.டி.ஏ.5 முதலியவற்றைத் தனித்தனியே தேட வேண்டும், எம்.டி.ஏ.5 உள்ளோரில் சிலருக்குச் சில வாரங்களிலேயே சுவாசம் முற்றிலும் தளர்ந்துவிடும். எந்தவொரு வியாதியின் இலக்கணத்திலும் முழுமையாக அடங்காதோருக்கென 2015இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சுவாசநோய்ச் சங்கங்கள் ஒரு வகுப்பை ஏற்படுத்தின: உடற்குறிகள், இரத்த எதிர்ப்பொருள்கள், நுரையீரலின் உருவமைப்பு ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்த வேண்டும். இது ஆராய்ச்சிக்கு வகுத்த வரம்பேயன்றிச் சிகிச்சைக்கான கட்டளையன்று. நுண்ணிய சி.டி. ஸ்கேனும் மூச்சளவுப் பரிசோதனையும் இன்றியமையாதவை; இத்தகையோரை மார்புநோய் மருத்துவரும் மூட்டுநோய் மருத்துவரும் சேர்ந்து பார்ப்பதே முறை.

சிகிச்சையில் மைக்கோஃபீனோலேட் இன்று பெரிதும் கையாளப்படுகிறது. கருவைச் சிதைக்கும் மருந்தாதலின் இளம்பெண்களுக்கு இதைத் தருமுன் கருத்தடை பற்றிப் பேசியாக வேண்டும். தோல் இறுக்க நோயில் ஸ்டீராய்டு மிகுந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் இம்மருந்துகளைத் தொடங்குமுன் உறங்கிக்கிடக்கும் காசநோயைத் தேடுவதும் அவசியம். தழும்பேறுவதைத் தாமதப்படுத்தும் நின்டெடானிப், தோல் இறுக்க நோயர் 576 பேரைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், மூச்சுக் கொள்ளளவின் வருடாந்தரக் குறைவை 93.3 மில்லிலிட்டரிலிருந்து 52.4 மில்லிலிட்டராகத் தணித்தது. இழந்த கொள்ளளவை அது மீட்டுத் தருவதில்லை.