சனி ஞாயிறு யாருக்கு? பெண்கள் முகாம்களின் முன்கதை

மெல்பேண், டொரொன்டோ, லண்டன், சிங்கப்பூர் என்று வேறு வேறு நேரங்களில் இருந்துகொண்டு இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். சூரிச்சுக்கு மேற்கே, லிம்மத் ஆற்றங்கரையில் இருக்கும் ஷ்லீரனில் இப்போது ஞாயிறு பிற்பகல். ஞாயிறு பிற்பகலில் ஒரு பெண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசுவது எங்கள் வீடுகளில் அவ்வளவு சாதாரணமாக நடப்பதில்லை. இன்றைய பேச்சும் அதைப் பற்றியதுதான்.

எங்கள் கட்டிடத்தின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. சுவிஸில் இருப்பவர்களுக்குத் தெரியும், யார் எந்த நாளில் தோய்ப்பது என்று அங்கே ஓர் அட்டவணை தொங்கும். சில மாதங்களுக்கு முன் அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. பெண்களுக்கான வார இறுதி முகாம்: ஓவியம், எழுத்து, மூச்சுப் பயிற்சி, மௌன நடை, இரண்டு இரவுகள். எனக்கு ஆசையாக இருந்தது. கூட வருவீர்களா என்று இரண்டு பேரிடம் கேட்டேன்.

ஒருத்தி என் வயதுக்காரி. "சனி ஞாயிறு எனக்கு லீவு எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்றாள். மற்றவர் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர். "இது வெள்ளையளின்ர விளையாட்டு. எங்கட சனத்துக்கு ஏன் பிள்ளை இது?" என்றார்.

இரண்டு பேரும் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பதில்களும் என்னை விடவில்லை. முதலாவது வேலையைப் பற்றியது. இரண்டாவது பண்பாட்டைப் பற்றியது. இரண்டுக்கும் வரலாற்றில் பதில் தேடிப் பார்த்தேன். தேடியதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

அக்காவின் பதிலை முதலில் எடுக்கிறேன். பெண்கள் மட்டும் கூடி, வீட்டு ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு, ஓர் இரவைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வது எங்களுக்குப் புதிதா? நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமைகளில் ஆண்கள் எல்லோரும் தூங்கிய பிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். உப்பில்லாத அரிசிமாவில் கொழுக்கட்டை அவிப்பார்கள். ஔவையின் கதையை ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். ஆண் குழந்தைக்குக்கூட அங்கே இடமில்லை. கொழுக்கட்டையை ஆண்கள் கண்ணால் பார்க்கவும் கூடாது. கதை, கைவேலை, விழிப்பு, உணவு, பெண்கள் மட்டும். பிரசுரத்தில் இருந்த பட்டியலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை கொடுத்த நாட்கள் எவை? துடக்கு நாட்கள். மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி இரு, சமைக்காதே, எதையும் தொடாதே. அந்த மூன்று நாள்தான் முதுகை நிமிர்த்திய நாள் என்று சொன்ன பெரியம்மாமாரை நான் கேட்டிருக்கிறேன். ஒரு சமூகம் பெண்ணுக்கு ஓய்வு தந்திருக்கிறது, ஆனால் அதற்குத் தீட்டு என்று பெயர் வைத்துத் தந்திருக்கிறது. விரதம் என்றால் கணவனுக்காக, பிள்ளைக்காக. ஒதுங்குதல் என்றால் அழுக்கு. தனக்காக ஓய்வெடுப்பதற்கு எங்கள் வீடுகளில் ஒரு சொல் புழங்கவில்லை. அக்கா அதை வெள்ளையர்களிடம் தள்ளிவிட்டதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

சரி, வெள்ளையர்களிடம் இருந்ததா?

நான் இருக்கும் ஊரையே பாருங்கள். ஷ்லீரன் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். 1898 முதல் 1974 வரை சூரிச் நகரத்துக்கு எரிவாயு தயாரித்த ஆலை இங்கே இருந்தது. ரயில் பெட்டிகளும் மின்தூக்கிகளும் செய்த பெரிய தொழிற்சாலை 1985இல் மூடப்பட்டது. ஊர்க்காரர் அதை 'வாகி' என்று செல்லமாகச் சொல்வார்கள். அந்த நிலத்தில் இன்று அலுவலகங்களும் உயிரியல் ஆய்வுகூடங்களும் நிற்கின்றன. இப்படிப்பட்ட ஊர்களில் வேலை நேரம், ஓய்வு நேரம் என்ற பிரிவை உண்டாக்கியது 1877ஆம் ஆண்டின் சுவிஸ் தொழிற்சாலைச் சட்டம். ஆண்கள் மட்டும் வாக்களித்த வாக்கெடுப்பில் மிகக் குறுகிய பெரும்பான்மையில் அது நிறைவேறியது. ஒரு நாளில் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. பெண்களுக்கு இரவு வேலையும் ஞாயிறு வேலையும் கூடாது என்றது.

அந்தச் சட்டத்தில் ஒரு சிறிய விதி இருக்கிறது. வீட்டுப் பொறுப்புள்ள பெண் தொழிலாளியை, மதிய இடைவேளை ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால், அரை மணித்தியாலம் முன்னதாகவே வெளியே விட வேண்டும். எதற்கு? வீட்டுக்கு ஓடிப்போய்ச் சமைக்க. சட்டம் அவளுக்குத் தனியாகக் கொடுத்த அந்த அரை மணித்தியாலம் இன்னொரு வேலைக்கான நேரம். பேறுகாலத்தையொட்டி எட்டு வாரம் அவள் வேலைக்கு வரக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை. நாடு முழுவதற்குமான சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுமுறை சுவிஸில் வந்தது 2005இல்தான்.

இதே நாட்டில், 1900ஆம் ஆண்டில், ஒரு பெண் வேறு மாதிரி யோசித்தாள். ஈடா ஹோஃப்மன், பியானோ ஆசிரியை. அன்ட்வேர்ப் தொழிலதிபரின் மகனான ஹென்றி ஊடன்கோவன், ஈடாவின் தங்கை ஜெனி, கிரேசர் சகோதரர்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து, தெற்கே அஸ்கோனா ஊருக்கு மேலிருந்த குன்றில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். குன்றுக்கு 'மொன்டே வெரிடா' என்று பெயரிட்டார்கள், உண்மையின் மலை. மரக்குடில்கள், சூரியக் குளியல், மரக்கறி உணவு, தோட்ட வேலை. பெண்கள் இடுப்பை இறுக்கும் கச்சையைக் கழற்றிவிட்டுத் தளர்ந்த அங்கி உடுத்தார்கள். ஈடாவும் ஹென்றியும் சட்டப்படி திருமணம் செய்யாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள்.

1902இல் ஈடா ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பெண்களாகிய நாங்கள் இசைவான, ஆரோக்கியமான வாழ்நிலையை எப்படி அடைவது என்பதே அதன் தலைப்பு. எங்கள் நிலவறையில் ஒட்டியிருந்த காகிதத்திலும் இசைவு, ஆரோக்கியம் என்ற அதே சொற்கள் இருந்தன. வித்தியாசம் என்னவென்றால், ஈடாவுக்கு உடம்பும் உரிமையும் ஒரே கேள்வி. மூச்சு விட முடியவில்லையா, கச்சையைக் கழற்று. வீட்டில் மூச்சு விட முடியவில்லையா, திருமணம் என்ற ஏற்பாட்டையே கேள்வி கேள்.

மலையில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். காசு வேண்டியிருந்தது. சீக்கிரமே அது கட்டணம் செலுத்தும் விருந்தினர்களுக்கான சுகவாச நிலையமாக மாறியது. 1904இல் அங்கே போன எரிக் மூசாம் என்ற ஜேர்மன் எழுத்தாளர் அதைக் கிண்டல் செய்து ஒரு புத்தகமே எழுதினார். 1913இல் ருடோல்ஃப் ஃபொன் லாபான் அங்கே கோடைகால நடனப் பள்ளி தொடங்கினார். மேரி விக்மன், சுசான் பெரொட்டே போன்ற பெண்கள் திறந்த வெளியில் ஆடிக் கற்றார்கள். ஐரோப்பிய நவீன நடனத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. பெரொட்டே பிறகு சூரிச்சில் நீண்ட காலம் அசைவுப் பள்ளி நடத்தினார். ஈடாவும் ஹென்றியும் 1920இல் மலையை விட்டு வெளியேறினார்கள். ஸ்பெயின் வழியாகப் பிரேசிலுக்குப் போன ஈடா 1926இல் அங்கேயே இறந்தார்.

ஆக, அக்காவுக்கு என் பதில்: வெள்ளைக்காரிகளுக்கும் இது எளிதாகக் கிடைக்கவில்லை. ஈடா எழுதி அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1971இல்தான் சுவிஸ் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்தது. 1959இல் நடந்த வாக்கெடுப்பில் ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றிருந்தார்கள். மனைவி வெளியே வேலைக்குப் போகக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற பழைய திருமணச் சட்டம் 1987 இறுதிவரை நடைமுறையில் இருந்தது.

இந்த ஆண்டைக் கவனியுங்கள். 1983 யூலைக்குப் பிறகு சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் தனி இளைஞர்கள். உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள். பெண்கள் பெருமளவில் வந்தது அதற்குப் பின்னர், திருமணமாகியும் குடும்பத்தோடு இணைந்தும். எங்கள் பெண்கள் வந்து இறங்கிய அதே காலத்தில்தான் இந்த நாட்டுப் பெண்களும் கணவனைக் கேட்காமல் வேலைக்குப் போகும் உரிமையைக் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1991 யூன் 14 அன்று அரை மில்லியன் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1990இல், ஜேர்மனியில் தமிழ்ப் பெண்கள் சிலர் கூடினார்கள். பெண்கள் சந்திப்பு என்று பெயர். பிறகு சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, இங்கிலாந்து என்று நாடு மாறி நாடு அது நடந்தது. ஒரு வார இறுதி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். கட்டுரை வாசித்தார்கள், கவிதை வாசித்தார்கள், சண்டை பிடித்தார்கள். சீதனம், வீட்டு வன்முறை, சாதி, போர், இயக்கங்கள் எல்லாம் பேசப்பட்டன. அவ்வப்போது மலர்கள் வெளியிட்டார்கள். நோர்வேயிலிருந்து 'சக்தி' இதழ் வந்தது. 1992இல் பாரிஸிலிருந்து 'மறையாத மறுபாதி' கவிதைத் தொகுப்பு வந்தது. சுவிஸில் இருக்கும் றஞ்சியின் முயற்சியில் 'ஊடறு' முதலில் 2002இல் தொகுப்பாகவும் பிறகு இணையத்தளமாகவும் வளர்ந்தது. 2011இல் போராளிப் பெண்களின் கவிதைகளை 'பெயரிடாத நட்சத்திரங்கள்' என்ற நூலாக்கியதில் ஊடறுவுக்குப் பங்கு உண்டு.

எங்களுடைய வார இறுதி முகாமின் முன்னோடி இதுதான் என்பேன். குடும்பம் பிரிக்கிறவள்கள் என்ற பேச்சையும் தாங்கிக்கொண்டு, வேலைத்தலத்தில் லீவு கேட்டு, வீட்டில் அதைவிடக் கடினமான லீவும் கேட்டு வந்த பெண்கள் இதைக் கட்டினார்கள்.

இப்போது என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். சனி ஞாயிறு லீவு என்று யார் சொன்னது? அவளுடைய சனிக்கிழமை எனக்குத் தெரியும். காலையில் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு, மதியம் மிருதங்கம், மாலையில் யாருடையதோ சாமத்தியவீடு. ஞாயிறு காலை துப்புரவு வேலை, பிறகு கோயில், பிறகு ஒரு கிழமைக்கான கறி. 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த அரை மணித்தியாலம் இன்னும் அவள் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிடைக்கிற நேரமெல்லாம் அடுத்த வேலைக்கு.

அவளிடம் வண்ணமும் தூரிகையும் மௌன நடையும் என்று சொன்னால் அது அவள் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வரவில்லை. பிள்ளையை யார் பார்ப்பது, இரண்டு நாள் சம்பளம் என்னாவது, திரும்பி வரும்போது கழுவாத கோப்பைகள் எத்தனை? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத முகாம் வசதியுள்ளவர்களுக்கான முகாமாகவே இருக்கும். மொன்டே வெரிடாவுக்கு நடந்ததும் அதுதான். பெண்கள் சந்திப்புக்கு வந்தவர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள் என்பது சிறிய தகவல் மாதிரித் தெரியும். ஆனால் அதனால்தான் அவர்களால் வர முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சந்திப்புகளில் நாங்கள் உடம்பைப் பற்றி நிறையப் பேசினோம், உடம்புக்கு ஓய்வு கொடுத்தோமா? போரையும் அடியையும் பற்றி இரண்டு நாள் கேட்டுவிட்டு, ஞாயிறு இரவு ரயிலில் அந்தப் பாரத்தோடு திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள். இன்றைய முகாம்களில் தூக்கம் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, ஏன் இவ்வளவு களைப்பு என்ற கேள்வி இல்லை. அன்றைய சந்திப்புகளில் கேள்வி இருந்தது, தூக்கம் இல்லை. ஈடா ஹோஃப்மன் 1902இல் ஒன்றாக வைத்திருந்ததை நாங்கள் இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. இவ்வளவையும் என்னால் சொல்ல முடிந்தது, அந்தப் பெண்கள் எழுதி அச்சிட்டு வைத்ததனால். ஔவையார் நோன்பில் பெண்கள் தங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. இன்றைய முகாம்களிலிருந்து மிஞ்சுவது கைபேசியில் ஒரு குழுப்படம். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது உங்கள் ஊரில் இப்படி ஒரு வார இறுதியை ஒழுங்கு செய்தால், பிள்ளைகளுக்கு ஓர் அறை வையுங்கள். சமையலை வந்த பெண்களின் கையில் கொடுக்காதீர்கள். கடைசி ஒரு மணித்தியாலத்தை எழுதுவதற்கு விடுங்கள். அந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டி வையுங்கள்.

என் தோழிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த முகாம் வரும்போது, அவளுடைய பிள்ளையின் மிருதங்க வகுப்புக்கு நான் காரோட்டுகிறேன், நீர் போயிட்டு வாரும் என்று சொல்லப் போகிறேன். நான் அதற்கடுத்ததில் போகலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.