மரம் முறிந்தவர்களின் துறைமுகம்

பாய்ப்படகுகளுக்கு வயரிங் பார்ப்பது என் தொழில். வருசத் தொடக்கத்தில், வாடை தணிந்துவருகிற மாதங்களில், உலகம் சுற்றும் வெளிநாட்டுக்காரரின் படகுகள் திருகோணமலை உட்துறைமுகத்துக்கு வந்து நங்கூரம் போடும். முப்பது நாற்பது வருசப் பழைய படகென்றால் அநேகமாக ஒரே நோய்தான்: பாய்மர உச்சியில் விளக்கு எரியாது, வயர்லெஸ் கரகரக்கும். அலுமினிய மரத்துக்குள் ஓடுகிற வயர், அடியில் தட்டைத் தொடுகிற இடத்தில் உப்பேறிப் பச்சை பிடித்திருக்கும். மரத்தைக் கழற்றிக் கரையில் கிடத்தி, பழைய வயரின் நுனியில் நூலைக் கட்டி உருவ வேண்டும். பிறகு அந்த நூலைப் பிடித்து, வெள்ளீயம் பூசிய புது வயரை உள்ளே இழுக்கலாம். இதெல்லாம் சின்ன வேலை. மரத்தைத் தூக்குவதுதான் வேலை. கொஞ்சம் அலையடித்தாலும் தொங்குகிற மரத்தின் அடி தட்டைப் பிளந்துவிடும். ஆகையால் கிரேனுக்கு முன்னால் அசையாத தண்ணீர் வேண்டும்.

இந்தத் துறைமுகத்தின் சரித்திரத்தைக் கோட்டையையும் பீரங்கியையும் எண்ணெய்த் தாங்கிகளையும் வைத்துச் சொல்வார்கள். அசையாத தண்ணீரை வைத்தும் சொல்லலாம் என்பது என் கட்சி. எதிரே உள்ள சோழமண்டலக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மசூலிப்பட்டினம், சென்னை, கடலூர் எல்லாமே அந்தக் காலத்தில் திறந்த கடலில் நங்கூரம் போடுகிற இடங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் கிளம்பினால் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை.

1659 நவம்பர் 19 அன்று மசூலிப்பட்டினத்தில் அதுதான் நடந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஓடிய ‘ஆன்’ என்ற கப்பல், புயலில் கவிழாமல் தப்புவதற்காகத் தன் நடுப் பாய்மரத்தைத் தட்டோடு வெட்டிக் கடலில் தள்ளியது. பெரிய மரம் போய்விட்டதால் ஊருக்குத் திரும்பும் பயணமும் போய்விட்டது. சென்னைக் கோட்டையிலிருந்த கம்பனி அதிகாரி தோமஸ் சேம்பர்ஸ், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குப் போகச் சொன்னார். மரம் நடுகிற நாட்களில் வியாபாரமும் நடக்கட்டும் என்று துணிமூட்டைகளையும் பரங்கிப்பேட்டை வியாபாரிகளையும் ஏற்றி அனுப்பினார். கம்பனிக்காரனின் கணக்கு அப்படி!

வெட்டிய மரத்துக்குப் பதில் புதுமரம் நடுவது லேசுப்பட்டதல்ல. பெருங்கப்பலின் பாய்மரம் தட்டுகளைத் துளைத்துக்கொண்டு கீழே ஏரா என்ற அடிமரம் வரைக்கும் இறங்கும். முதலில் அந்த அடித்துண்டைப் பிடுங்க வேண்டும். பிறகு இரண்டு நீண்ட மரங்களைத் தலையில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டிக் கப்பலின் இரு விளிம்பிலும் ஊன்றி, உச்சியில் கப்பி மாட்டி, புதுமரத்தைத் தூக்கித் துளைக்குள் இறக்க வேண்டும். கொட்டியாரத்தில் தண்ணீர் அமைதியாக இருந்தது. கரையும் அமைதியாகவே தெரிந்தது. இருபது நாள் போல மாலுமிகள் இறங்கி ஏறித் திரிந்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கு ஒரு கடிதமோ காணிக்கையோ அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை.

அரசன் தன் மாகாண அதிகாரியான திசாவையைப் படையோடு அனுப்பினான். 1660 ஏப்ரலில் கப்பல் தலைவர் றொபேட் நொக்ஸும் ஏழு பேரும் ஒரு புளியமரத்தடியில் பிடிபட்டார்கள். விசயம் தெரியாமல் மரம் வெட்டக் கரையேறிய படகுக்காரரும் அகப்பட்டார்கள். மொத்தம் பதினாறு பேர். அவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. தலைவரின் மகன், அவரும் றொபேட் நொக்ஸ்தான், 1679இல் தப்பி அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால்தான் பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியின் வயலும் வழக்கும் நமக்கு இவ்வளவு தெரிகின்றன.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1782இல், மரத்துக்கான தட்டுப்பாடு கடற்படைகளையே ஆட்டியது. சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார்கள். யூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் அவர்களோடு நடந்த சண்டையில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்கள் சிதைந்தன. அவர் கடலூரில் வீடுகளைப் பிரித்து மரம் எடுத்துச் செப்பனிட்டார். ஓகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்தார். செப்டெம்பர் 3இல் ஆங்கிலேயத் தளபதி ஹியூசுடன் துறைமுகத்துக்கு வெளியே மோதியதில் சஃப்ரனுடைய கொடிக்கப்பல் ‘ஹீரோ’வே மரமிழந்தது. துறைமுகத்துக்குள் திரும்பி வரும்போது 74 பீரங்கிக் கப்பலான ‘ஒறியன்’ கவனக்குறைவால் கரைதட்டிப் போனது. அதன் மரங்களையும் பாய் கட்டும் குறுக்குமரங்களான பருமல்களையும் கழற்றி, மரமிழந்த இரண்டு கப்பல்களுக்கு நட்டார்கள். பழைய படகிலிருந்து சாமான் கழற்றி வேறு படகுக்குப் போடுகிற எங்கள் வேலைதான், அளவில் பெரிது. ஹியூசுக்கு அந்த வசதி இல்லை. மாரிக்கு ஒதுங்க, சேதப்பட்ட கப்பல்களோடு மும்பை வரைக்கும் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஆனால் சஃப்ரனும் அந்த மாரியை இங்கே கழிக்கவில்லை, சுமாத்திராவின் அச்சேக்குப் போனார். தண்ணீர் அசையாமல் இருந்தால் மட்டும் போதாது, இத்தனை பேருக்குச் சோறும் வேண்டும்.

முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் குடாவைக் கடந்து போவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு தரைவழியே போகலாம். அங்கே அந்தப் புளியமரம், ‘வெள்ளைக்காரன் மரம்’, நின்ற இடத்தில் 1893இல் நட்ட ஒரு கல் இருக்கிறது. கப்பல் தலைவர் நொக்ஸ் இங்கே பிடிபட்டு 19 வருசம் கண்டியரசனின் கைதியாக இருந்தார் என்று பொருள்பட அதில் வெட்டியிருக்கிறார்கள். மரத்தடியில் பிடிபட்டவர் தகப்பன். அவர் 1661 பெப்ரவரியிலேயே இறந்துவிட்டார். 19 வருசம் இருந்தவர் மகன். கப்பல் எதற்காக வந்தது என்பதும் கல்லில் இல்லை. பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.