மாத்தளையில் சைக்கிள் பயணம்: ஏ9 வீதியின் மற்றப் பக்கம்

ஏ9 வீதி என்றால் வடக்கில் உள்ளவர்களுக்கு நினைவுக்கு வருபவை ஓமந்தை, முகமாலை, ஆனையிறவு. 2002இல் அந்த வீதி திறந்ததும், 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியதும் எங்கள் வீடுகளில் திகதி சொல்லி நினைவுகூரப்படுபவை. ஆனால் இந்த வீதி யாழ்ப்பாணத்தில் தொடங்குவதில்லை. அதன் கிலோமீற்றர் கணக்கு கண்டியிலிருந்து வருகிறது. கண்டியை விட்டுப் புறப்பட்டால் சுமார் 26 கிலோமீற்றரில் வரும் முதலாவது பெரிய நகரம் மாத்தளை.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் இந்த நகரத்தைத் தூக்கத்தில் கடந்துவிடுவார்கள். நானும் பல தடவை அப்படித்தான் கடந்திருக்கிறேன். கடந்த சில வருடங்களில் மாத்தளை மாவட்டத்தின் வீதிகளில் சைக்கிளில் பயணித்து எடுத்த குறிப்புகளை, போக விரும்புபவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எங்களுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருள் அல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பல குடும்பங்களின் வீடே ஒரு சைக்கிளின் கரியரில் இருந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியில் நாடு முழுவதும் மீண்டும் சைக்கிளைத் தேடியது. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு தடவை விருப்பத்துக்காகவும் சைக்கிள் ஓடலாம். அதற்கு மாத்தளை நல்ல இடம்.

முதலாவது பாதை: மாத்தளை – நாலந்த – தம்புள்ள

தூரம் சுமார் 46 கிலோமீற்றர். மாத்தளை மலையடிவார நகரம், தம்புள்ள சமவெளியில் உள்ளது. அதனால் இடையில் சிறு ஏற்றங்கள் வந்தாலும் மொத்தத்தில் இறக்கமே அதிகம். புதிதாக நீண்ட தூரம் ஓடுபவர்கள் இந்தத் திசையிலேயே போகவேண்டும், எதிர்த் திசையில் வந்தால் கால் கடுக்கும்.

தொடக்கம் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில். மரத்தடியில் இருந்த சிறு வழிபாடு 19ஆம் நூற்றாண்டில் கோவிலானது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உதவியும் அதற்கு உண்டு. 108 அடி உயரமான இராஜகோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். மாசி மகத்தில் 5 தேர்கள் வீதிக்கு வரும். அந்நாட்களில் நகருக்குள் சைக்கிளை உருட்டித்தான் போகமுடியும்.

வடக்கே சுமார் 3 கிலோமீற்றரில் அலுவிகாரை. அதுவரை மனனமாகக் காக்கப்பட்ட பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கே ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு சொல்கிறது. மாதோட்டத்தில் இறங்கிய ஏழு தமிழர்களின் படையெடுப்பால் இந்த மன்னன் ஆட்சியிழந்து தலைமறைவாக இருந்ததாக மகாவம்சம் கூறுகிறது. போரிலும் பஞ்சத்திலும் ஆட்கள் இறந்தால் அவர்கள் மனதில் இருக்கும் நூலும் இறந்துவிடும் என்ற பயமே எழுத்துக்குக் காரணம் என்பார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் பெரும்பகுதியும் அங்கிருந்த ஏடுகளும் அழிந்தன. யாழ் நூலகம் எரிந்ததை மறவாதவர்கள் இந்தக் குகைகளின் முன் சற்று நேரம் நிற்பார்கள்.

அந்தக் கிளர்ச்சிக்கும் வீதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரித்தானிய அரசு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி போட்டதோடு, ஆண்கள் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வண்டிப் பாதை வேண்டியிருந்தது. எதிர்த்து எழுந்த கொங்காலேகொட பண்டா, புரன் அப்பு ஆகியோரின் பெயர்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. புரன் அப்பு 1848 ஓகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அலுவிகாரையைத் தாண்டினால் பலாபத்வெல வரை வாசனைத் திரவியத் தோட்டங்கள்: மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா, கொக்கோ. இவற்றில் பல வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடப்பவை. சுற்றிக் காட்டுவது இலவசம் என்றாலும் முடிவில் எண்ணெய்க் கடைக்குள் அழைத்துப் போவார்கள். விலையைக் கேட்டபின் முடிவெடுங்கள்.

சுமார் 24 கிலோமீற்றரில் நாலந்த. ஏ9இலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உள்ளே போனால் நாலந்த கெடிகே என்ற கற்றளி. பல்லவக் கட்டடக்கலையின் சாயலில், மாமல்லபுரத்தை நினைவூட்டும்படி அமைந்த கோவில், ஆனால் பௌத்த வழிபாட்டிடம். இதைக் கட்டியவர்களுக்குச் சைவம் ஒரு பக்கம், பௌத்தம் ஒரு பக்கம் என்று கோடு போடத் தெரியவில்லை போலும். போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கும் என்பதால், கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் கட்டினார்கள். நீரோரமும் நிழலும் இருப்பதால் மதிய வெயிலுக்கு ஒதுங்க ஏற்ற இடம்.

பிறகு நாவுல, அதைத் தாண்டித் தம்புள்ள. 1991இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட குகை விகாரைக்கு ஏறுவதற்குக் காலை 8 மணிக்கு முன் போவது நல்லது. இதே நகரத்தில்தான் 2012 ஏப்ரலில் பள்ளிவாசல் மீது கும்பல் தாக்குதல் நடத்தியது. 2013இல் பத்ரகாளி அம்மன் கோவில் இடிக்கப்பட்டது. மரபுரிமை என்று எதைக் காப்பது, எதை இடிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும்.

பலகையில் இல்லாத பாதை

இதுவரை சொன்ன இடங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுற்றுலாப் பலகை உண்டு. ஆனால் இந்த வீதியின் மிகப் பெரிய வரலாற்றுக்கு நான் போன தூரத்தில் எங்கும் பலகை காணவில்லை.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தெற்கு நோக்கி நடந்தார்கள். தம்புள்ள, நாலந்த வழியாக அவர்கள் மாத்தளையை அடைந்தார்கள். கொலரா, காய்ச்சல், பசி, தாகம் ஆகியவற்றால் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். சைக்கிளில் 46 கிலோமீற்றரை அரை நாளில் கடக்கும்போது, தலைச்சுமையோடும் கைக்குழந்தையோடும் வெறுங்காலில் இதே தூரம் எத்தனை நாள் என்று உடம்பே கணக்குப் போடும்.

அவர்களின் 200 வருட வருகையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. சுமார் 250 கிலோமீற்றர். வழியில் சிங்கள, முஸ்லிம் ஊர்களிலும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

இந்தப் பாதையில் எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வடக்கு நோக்கிப் போய், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. காந்தியம் அமைப்பு அவர்களில் பலருக்கு உதவியது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 2009இல் இன்னொரு தடவை எல்லாவற்றையும் இழந்தவர்களில் அடங்குவர். ஆகவே ஏ9 வடக்கின் வீதி மட்டுமல்ல. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து, பின்னர் வன்னிக்கு ஓடிய ஒரே மக்களின் வீதியும் அதுதான்.

மாத்தளை நகருக்குள் இன்னொரு இடமும் உண்டு. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 1989 காலத்தில் காணாமற்போன சிங்கள இளைஞர்களுடையவை அவை என்று குடும்பங்கள் நம்பின. அவை அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தியவை என்று ஆணைக்குழு சொன்னது. செம்மணியையும் மன்னாரையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல, இது தெற்கிலும் நடந்திருக்கிறது என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இரண்டாவது பாதை: மாத்தளை – ரத்தோட்டை – ரிவஸ்டன்

தூரம் ஒரு வழிக்குச் சுமார் 30 கிலோமீற்றர். ரத்தோட்டை வரை இலகு. அதன்பின் கொண்டையூசி வளைவுகளோடு தொடர் ஏற்றம், முடிவில் 1,000 மீற்றருக்கு மேல் வந்துவிடுவீர்கள். கியர் இல்லாத சைக்கிளில் முயற்சிக்க வேண்டாம். ஏறமுடியாத இடத்தில் இறங்கி உருட்டுவதில் வெட்கமில்லை. உச்சியைத் தாண்டினால் பிட்டவல பத்தனைப் புல்வெளி. இந்த நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமையில் சேர்க்கப்பட்டது. பொலித்தீன் எதையும் விட்டுவர வேண்டாம். மழையென்றால் அட்டை ஏறும், உப்பும் சவர்க்காரமும் எடுத்துப் போங்கள். இறங்கும்போது பிறேக்கை விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும். தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறும்.

மூன்றாவது பாதை: மாத்தளை – எல்கடுவ – வத்தேகம

குறுகிய மலைப் பாதை. தேயிலை, இடையிடையே மிளகு, லயன் வரிசைகள், சிறு மாரியம்மன் கோவில்கள். வேறு பாதைகளில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: தமிழில் வழி கேட்கலாம். தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்தால், வவுனியாவில் சித்தப்பா, கிளிநொச்சியில் மாமி என்று உறவு சொல்பவர்களைச் சந்திப்பீர்கள். லயன் வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முகாமில் இருந்தபோது கமெராவோடு வந்தவர்களை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

போகுமுன்

• மாசி, பங்குனியும், ஆனி முதல் ஆவணி வரையும் பொதுவாக ஏற்றவை. ஆனி, ஆடியில் ரிவஸ்டனில் காற்று பலம். ஐப்பசி முதல் தை வரை மழை. அப்போது மலைப் பாதைகளில் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்.

• ஏ9இல் தம்புள்ள மரக்கறிச் சந்தைக்குப் போகும் லொறிகள் அதிகம். விடிந்தபின் புறப்பட்டு, இருட்டுமுன் நிறுத்துங்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கு அவசியம்.

• தம்புள்ளைக்கு அப்பால் சீகிரியாப் பக்கம் நீட்டுவதானால், பொழுது சாய்ந்தபின் யானை நடமாட்டம் உண்டு.

• மாற்று ரியூப், ஒட்டுச் சாமான், கைப்பம்ப், ஒரு ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர். அடையாள அட்டையும் கைவசம் இருக்கட்டும்.

• வடக்கில் பாடசாலைப் பிள்ளை முதல் அம்மம்மா வரை சைக்கிள் ஓடுவார்கள். மலைப்பகுதியில் பெண்கள் ஓடுவது அரிது, பார்வைகள் விழும். இருவர் மூவராகப் போவது நல்லது.

ஒரு அடையாளம் வேண்டும்

ஸ்பெயினின் வடக்கே சந்தியாகோ யாத்திரைப் பாதை இருக்கிறது. நூற்றாண்டுகளாக மக்கள் நடந்த வழி. மஞ்சள் அம்புக்குறியும் சிப்பி அடையாளமும் வழிகாட்டும். கடைசி 100 கிலோமீற்றரை நடந்தவருக்கும், 200 கிலோமீற்றரைச் சைக்கிளில் கடந்தவருக்கும் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இளையவர்கள் வெளியேறிய பல சிறு கிராமங்களில் கடையும் விடுதியும் திறந்திருப்பதற்கு அந்தப் பயணிகளே காரணம்.

தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையான பாதைக்கும் இது சாத்தியம். பெரும் செலவு தேவையில்லை. மூன்று மொழிகளிலும் சில கற்கள், இந்த வழியால் யார் நடந்தார்கள், எங்கே இளைப்பாறினார்கள் என்று ஒரு வரி. 2023இல் நடந்தவர்கள் பாதையைக் காட்டிவிட்டார்கள். மாத்தளை மாநகர சபையும் சுற்றுலாத் துறையும் செய்யவேண்டியது அதைக் குறித்துவைப்பதுதான். அதுவரை இந்த வழியால் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்கொண்டு போகவேண்டும்.