உபயதாரர்களும் மாணவ வீரர்களும்: ஓர் அமெரிக்கக் கதை

அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் விளையாட்டுப் போட்டி 1852 ஆகஸ்ட் 3 அன்று நடந்த படகுப் போட்டி. ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வின்னிபசாக்கி ஏரியில் மோதின. ஹார்வர்டு வென்றது. மாணவர்களின் பயணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டது ஒரு ரயில் கம்பெனி. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் தன் ரயிலில் ஏறும் என்பது அதன் கணக்கு.

ஆக, வெளியாள் பணம் பிறகு வந்து புகுந்த சமாசாரம் அல்ல. முதல் போட்டியே அந்தப் பணத்தில்தான் நடந்தது.

இப்படிக் கல்லூரி அணிக்குப் பணமும் பொருளும் தந்து தூக்கிவிடுகிறவர்களை அங்கே 'பூஸ்டர்' என்பார்கள். கோவில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதி வைக்கிறோமே, அந்த உபயதாரர்தான். பழைய மாணவர், ஊர்ப் பெரிய மனிதர், கார் வியாபாரி, எண்ணெய்க் கிணற்று முதலாளி என்று பலரும் இதில் உண்டு. அரங்கம் கட்டக் கொடுப்பது புண்ணியம். ஆனால் நன்றாக ஆடும் பையனின் பையில் நேராகப் பணத்தைத் திணித்தால்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதியது அது. ஆட்டக்காரர்களை வலைவீசிப் பிடிப்பதும், ரகசியமாகப் பணம் கொடுப்பதும் பரவலாக நடக்கின்றன என்று அதில் இருந்தது. அந்த வாரமே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. இந்த அறிக்கையை யார் கவனிப்பார்கள்?

கல்லூரி விளையாட்டுகளுக்கென்று 1906-இல் உருவான சங்கம் 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் இயங்கிவருகிறது. 1948-இல் அது கடுமையான ஒரு சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. மீறினால் ஒரே தண்டனைதான்: சங்கத்தை விட்டு நீக்கம். 1950-இல் ஏழு கல்லூரிகளை நீக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. கை தூக்க வேண்டிய மற்றவர்கள் மடியிலும் கனம் இருந்தது போலும். அடுத்த வருடமே அந்தத் தொகுப்பைக் கைவிட்டார்கள்.

பிறகு விதிகள் ஒவ்வொன்றாகப் பெருகின. அவற்றின் சாரம் இதுதான். அணிக்கு நன்கொடை கொடுத்தவர், மாணவனைச் சேர்க்க உதவியவர், வீரனுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் எல்லாரும் பூஸ்டர். ஒருமுறை பூஸ்டர் ஆனால் ஆயுளுக்கும் பூஸ்டர். அவர் வீரனுக்கு ரொக்கம், கடன், கார், இலவச வீடு, துணிமணி எதுவும் தரக்கூடாது. வேலை கொடுக்கலாம், ஆனால் செய்த வேலைக்கு ஊரில் நடப்புக் கூலி எவ்வளவோ அவ்வளவுதான். எப்போதாவது வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை சாப்பாடு போடலாம். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகை வீரனுக்கும் கூடாது. அவர் தப்பு செய்தால் கல்லூரிதான் பொறுப்பு.

இந்தக் கடைசி வரியின் கனம் டெக்சாஸில் தெரிந்தது.

டல்லாஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் அளவில் சிறியது; ஆனால் அதைச் சுற்றி எண்ணெய்ப் பணமும் நிலப் பணமும் புரண்டன. 1980-களின் தொடக்கத்தில் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. 1982-இல் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. கூடவே புகார்களும் வந்தன. 1985-இல் சங்கம் மீண்டும் தண்டித்தது. சில பூஸ்டர்களை அணியின் பக்கமே வரக்கூடாது என்று விலக்கவும் செய்தார்கள். அதே ஆண்டு ஒரு புது விதியும் வந்தது: ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் முறை பெரிய குற்றம் செய்தால் அந்த விளையாட்டையே நிறுத்திவிடலாம். பத்திரிகைகள் இதை 'மரண தண்டனை' என்றன.

அதற்குப் பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. 1986 நவம்பரில் முன்னாள் வீரர் ஒருவர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் உண்மையைச் சொன்னார். ஒரு பூஸ்டரின் பணத்திலிருந்து 13 வீரர்களுக்குச் சுமார் 61,000 டாலர் போயிருந்தது. 1987 பிப்ரவரி 25 அன்று தீர்ப்பு வந்தது: அந்த ஆண்டு ஆட்டமே கிடையாது, அடுத்த ஆண்டு உள்ளூர் ஆட்டங்கள் கிடையாது. 1988-லும் ஆடுவதில்லை என்று பல்கலைக்கழகமே முடிவெடுத்தது.

ஒரு வாரத்துக்குள் அடுத்த இடி. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவின் தலைவராக இருந்து, அப்போதுதான் மறுபடி டெக்சாஸ் கவர்னராகியிருந்த பில் கிளெமென்ட்ஸ், பணம் தொடர்ந்தது தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார். வாக்குக் கொடுத்த பையன்கள் படிப்பு முடித்துப் போகும்வரை கொடுத்து, அப்படியே மெல்ல நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார்களாம்.

தண்டனையின் சுமை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். கவர்னர் பதவிக்காலம் முழுவதும் கவர்னராகவே இருந்தார். பூஸ்டர்களுக்குத் தொழில் இருந்தது. ஒரு காசும் வாங்காத பையன்களுக்குத்தான் அணி இல்லாமல் போயிற்று. மற்றக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் படையெடுத்து வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 1989-இல் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்களை வைத்து மீண்டும் ஆடியபோது, ஹூஸ்டன் அணி 95–21 என்று இவர்களைத் துவைத்து எடுத்தது. பருவ இறுதிச் சிறப்பு ஆட்டமொன்றில் அந்த அணி மறுபடி ஆட 2009 ஆயிற்று. அவ்வளவு பெரிய அணி எதன்மீதும் பிறகு அந்தத் தண்டனை பாயவில்லை.

இனி வருவதுதான் விசித்திரம். 2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல், வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்று ஆனது. உடனே பூஸ்டர்கள் ஊருக்கு ஊர் கூட்டமைப்பு தொடங்கிப் பகிரங்கமாகவே பணம் திரட்டினார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, கல்லூரியே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பூஸ்டர் தரும் தொகை 600 டாலரைத் தாண்டினால், அது உண்மையான வியாபாரக் காரணத்துக்காகத்தானா என்று பார்க்க ஓர் ஏற்பாடும் உண்டு.

அதே டல்லாஸ் பல்கலைக்கழகம் 2024-இல் பெரிய அணிகளின் கூட்டமைப்பு ஒன்றில் சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு அங்கே தொலைக்காட்சிப் பணம் வேண்டாம் என்று சொல்லித்தான் இடம் வாங்கியது. அந்தக் குறையை ஈடுகட்ட, சேர்க்கை அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் நன்கொடையாளர்கள் 10 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். அன்று 61,000 டாலரில் செத்த அணி இன்று 10 கோடியில் எழுந்து நிற்கிறது.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிவாளம் இல்லாத பணம் படிப்பையும் விளையாட்டையும் சேர்த்தே கெடுக்கும். ஆனால் கொடுத்த கையைப் பிடிக்க வக்கில்லாமல், அந்தக் காசைப் பார்க்காத பையனை மைதானத்தை விட்டு விரட்டும் விதி நியாயமான விதி ஆகாது. இன்று சட்டப்படி நடப்பதைப் பார்க்கும்போது, 1987-இல் ஆட இடமில்லாமல் நின்ற அந்த இளைஞர்களுக்கு இப்போது அறுபது வயது நெருங்கியிருக்குமே என்றுதான் தோன்றுகிறது. இழந்த அந்த ஆட்டங்களை எந்த உபயதாரர் திருப்பித் தருவார்?